கல்லீரலின் விரைவும் புகையின் பிடியும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் நிகோடினுக்கும் நொதிக்கும் என்ன வேலை என்று மாணவர் சிலர் வினவக்கூடும். அறிவியற் செய்திகளைத் தமிழில் எழுதிப் பார்த்தல் தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்று என்பது முதற்காரணம். அதனினும் நெருங்கிய காரணம் ஒன்றும் எனக்குண்டு.

என் பெரியத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி பிடித்தவர். ரமலான் மாதத்தில் ஒரு நோன்பையும் விடமாட்டார். சஹர் முடிந்து மாலை பாங்கொலி கேட்கும் வரை, பதிமூன்று பதினான்கு மணி நேரம், பீடியைத் தொடுவதில்லை. நோன்பு திறந்தபின் நிலை வேறு. ஒருநாள் நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பகல் பூராவும் தொடாம இருக்க முடியுது. கஞ்சி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கை தானாச் சட்டைப் பையைத் தேடுது. எனக்கு மன உறுதி இருக்குதா இல்லையா, படிச்சவன் நீ, சொல்லு தம்பி." என்னால் விடை கூற இயலவில்லை. சில ஆண்டுகளில் நுரையீரல் நோய் அவரைக் கொண்டு சென்றது. அவர் கேட்ட வினாவின் ஒரு பகுதிக்கேனும் விடை கல்லீரலில் இருக்கிறது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். படித்தவற்றை இம்மலரின் வாசகர்முன் வைக்க விழைகின்றேன்.

நிகோடின் செல்லும் வழி

புகையிலை அமெரிக்க நாட்டுச் செடி. போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டளவில் அதனைத் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயரே செடிக்கும் செடியின் சாரத்திற்கும் வாய்த்தது. அச்சாரத்தைத் தனியே பிரித்தெடுத்தோர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பணிபுரிந்த பொசெல்ட், ரைமன் என்னும் இருவர், ஆண்டு 1828.

உள்ளிழுத்த புகையிலிருந்து நுரையீரல் வழியே குருதியிற் கலக்கும் நிகோடின், பத்து முதல் இருபது நொடிகளுக்குள் மூளையை அடைகின்றது. கையில் ஏற்றும் ஊசி மருந்தும் இத்துணை விரைவாக மூளைக்குச் செல்வதில்லை. அங்கு நரம்பணுக்களின் ஏற்பிகளில் சென்று பொருந்தி, இன்பவுணர்வோடு தொடர்புடைய டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கின்றது. ஒரு சிகரெட்டிலிருந்து உடல் ஏற்கும் நிகோடின் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். ஒரு கடுகின் எடைகூடத் தேறாத அவ்வளவு பொருள் ஒரு மனிதனின் நாளையே நடத்துகின்றது.

வந்த நிகோடின் தங்குவதில்லை. கல்லீரல் அதனை அயற்பொருள் என்று கண்டுகொண்டு உடனே மாற்றத் தொடங்குகின்றது. குருதியிலுள்ள நிகோடின் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். இதனை அரை ஆயுட்காலம் என்பர். இரவு எட்டு மணி நேரம் உறங்குபவரின் உடலில் காலையில் எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. நோன்பிருப்பவர்க்குப் பதினான்கு மணி நேரத்தின் இறுதியில் எஞ்சுவது நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்கு. கண்விழித்து எத்தனை நிமிடத்தில் முதற்சிகரெட்டைப் பற்றவைக்கிறீர் என்பது, ஒருவர் இப்பழக்கத்திற்கு எவ்வளவு அடிமைப்பட்டிருக்கிறார் என்பதை அளக்க மருத்துவர் இன்றும் கேட்கும் தலையாய வினா. சுவீடன் நாட்டு உளவியலாளர் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978இல் வகுத்த வினாநிரலிலிருந்து வளர்ந்தது அது. ஐந்து நிமிடத்திற்குள் என்று விடை கூறுபவரின் கல்லீரல் இரவெல்லாம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பவனை இவ்விடத்து நினைத்துக்கொள்ளலாம். நீர்மட்டம் ஒரு கோட்டிற்குக் கீழே இறங்கினால் அவனுக்குப் பொறுப்பதில்லை, மீண்டும் ஊற்றுகிறான். ஓட்டை பெரிதாயின் அடிக்கடி ஊற்றுவான். இது வெறும் உவமையன்று. நிகோடின் குறைந்தவை என்று விற்கப்பட்ட சிகரெட்டுகளைப் பிடித்தோர், தம்மையறியாமலே ஆழ்ந்து இழுத்தும், அடிக்கடி இழுத்தும், வடிகட்டியிலுள்ள நுண்துளைகளை விரலால் மூடியும் தமக்கு வேண்டிய அளவைப் பெற்றுக்கொண்டனர். 1970களில் இலண்டனைச் சார்ந்த மைக்கேல் ரசல் முதலிய ஆய்வாளர் இதனை விரிவாக எடுத்துக்காட்டினர். புகைப்பவர் தேடுவது நிகோடினை; அதனோடு சேர்ந்து உள்ளே செல்வன தாரும் கார்பன் மோனாக்சைடும் புற்று விளைக்கும் பொருள்களும். உலகில் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையிலையால் இறப்பதற்குப் பெருங்காரணம் நாடப்படும் பொருளினும் உடன்வரும் பொருள்களே.

இதுவரை நாம் செய்துவந்ததெல்லாம் ஊற்றாதே என்று அவனிடம் கூறியதுதான். அறிவுரை கூறினோம், பெட்டியில் படம் அச்சிட்டோம், 2003இல் நம் நாட்டில் சட்டமும் இயற்றினோம். இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆயின், குடத்தின் ஓட்டையைச் சற்றே சிறிதாக்கினால் என்ன என்று வினவியவர் சிலர் உளர். அவர்தம் முயற்சியே இக்கட்டுரையின் பொருள்.

நொதி என்னும் சொல்

ஓட்டை என்று மேலே உருவகித்தது உண்மையில் ஒரு நொதி. மாவு புளித்து நுரைத்துப் பொங்குவதை நொதித்தல் என்கிறோம். இரவில் அரைத்து வைத்த தோசை மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொடுவதைக் கண்டவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. மேலைநாட்டார் வழங்கும் என்சைம் என்னும் சொல்லும் ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்னும் பொருள்படக் கிரேக்க வேரிலிருந்து ஆக்கப்பட்டதே. 1870களில் அதனைப் படைத்தவர் வில்ஹெல்ம் கூனே. அவர் பணிபுரிந்ததும் நிகோடினைப் பிரித்தெடுத்த அதே ஹைடல்பர்க்கில்தான். மேலையோரும் நாமும் மாவும் கள்ளும் பொங்கும் ஒரே காட்சியிலிருந்து ஒரே கருத்தை எடுத்துக்கொண்டது தமிழ் மாணவர் நோக்கி மகிழத்தக்கது. கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த மணவை முஸ்தபா போன்றோர் அறிவியலைத் தமிழால் சொல்ல முடியும் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியது இத்தகைய சொற்களை நம்பித்தான்.

நொதி என்பது ஒரு புரதம். உடலில் நிகழும் வேதிமாற்றத்தை விரைவுபடுத்துவது அதன் தொழில். நிகோடினை மாற்றும் நொதி, சைட்டோகுரோம் பி-450 எனப்படும் பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. ஜப்பானின் ஒசாகாவில் ஒமுரா, சாத்தோ என்னும் இருவர் 1960களின் தொடக்கத்தில் இதன் இயல்பை நிறுவினர். கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உட்கொள்ளும் நிறமி என்பதே இவ்வெண் பெயரின் விளக்கம். மனித மரபணுக்களில் இக்குடும்பத்தார் ஐம்பத்தெழுவர். நாம் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை மாற்றி வெளியேற்றுவோர் இவர்களுட் சிலரே. ஒவ்வொருவர்க்கும் எண்ணும் எழுத்துமாக முகவரி உண்டு. நமக்கு வேண்டியவரின் முகவரி 2ஏ6.

நறுமணமுள்ள கூமரின் என்னும் பொருளை மாற்றுவதாகவே இந்நொதி முதலில் அறியப்பட்டிருந்தது. நிகோடினுக்கும் இதுவே வாயில் என்பது 1990களில் தெளிவாயிற்று. உடலுட் புகும் நிகோடினில் எழுபது முதல் எண்பது விழுக்காடு கொட்டினின் என்னும் பொருளாக மாறுகின்றது. அம்மாற்றத்தின் முதற்படியை நடத்துவது 2ஏ6. அடுத்த படியை வேறொரு நொதி முடிக்கின்றது. நிகோடின், கொட்டினின் என்னும் இரு பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதினால் அதே எட்டு எழுத்துகள் இடம் மாறி நிற்கும். பெயரிட்டவர் சொல்விளையாட்டில் நாட்டமுடையவர் போலும். கொட்டினினோ நிகோடினைப்போல் விரைந்து மறைவதன்று. பதினாறு மணி நேரத்திற்கும் மேலான அரை ஆயுள் உடையது. அதனையும் வேறொரு பொருளாக மாற்றுவது இதே 2ஏ6தான். ஆதலின் அவ்விரு பொருள்களின் விகிதத்தைக் குருதியில் அளந்தால் ஒருவர் கல்லீரல் விரைவானதா மெதுவானதா என்று கூறிவிடலாம்.

டொராண்டோ தந்த குறிப்பு

எல்லார்க்கும் இந்நொதி ஒரே திறத்தோடு வாய்ப்பதில்லை. சிலர் பழுதுற்ற மரபணுவோடு பிறக்கின்றனர். சிலர்க்கு அம்மரபணுவே விடுபட்டிருக்கும். ஜப்பான் முதலிய கிழக்காசிய நாட்டாரிடையே இக்குறை ஐரோப்பியரைக் காட்டிலும் பெருவழக்கு. குறை என்று கூறினாலும் அவர்க்கு அதனால் நோய் எதுவும் நேர்வதில்லை.

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பியனெஸ்ஸா, செல்லர்ஸ், டிண்டேல் ஆகிய மூவரும் 1998இல் நேச்சர் இதழில் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டனர். நொதி மரபணுவில் ஒன்றேனும் செயலிழந்தவர், புகைக்கு அடிமையானோர் கூட்டத்தில் குறைவாகவே காணப்படுகின்றனர். அவர் புகைக்கும்போதும் மற்றவரினும் குறைவாகவே புகைக்கின்றனர் என்பது அவர்தம் முடிபு. இயற்கையே சிலர் குடத்தில் ஓட்டையைச் சிறிதாக்கிவிட்டிருக்கிறது. இயற்கை செய்ததை மருந்தால் செய்ய முடியாதா என்னும் வினா உடனே எழுந்தது.

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. மரபணுவின் வகையை அறிய அவர்கள் கையாண்ட முறையிற் பிழை இருந்தது பின்னர்த் தெரிய வந்தது. இல்லாத ஒரு வகையை அது பலரிடம் இருப்பதாகக் காட்டியிருந்தது. வேறு ஆய்வாளர் செய்து பார்த்தபோது முதல் முடிபின் ஒரு பகுதி நிலைபெறவில்லை. ஆய்வு அத்தோடு மடிந்திருக்கலாம். ஆயின் முறை திருத்தப்பட்டு மீண்டும் மீண்டும் சோதித்தபோது, மெதுவாக மாற்றுவோர் குறைவாகப் புகைக்கின்றனர் என்னும் நடுக்கருத்து நின்றது. சோதித்துத் திருத்துதலும் ஆய்வின் பகுதியே. சுவடியில் பாடபேதம் காணும் நமக்கு இது புதிதன்று.

அத்திரிலால் விதையும் மெத்தாக்சாலெனும்

நொதியைத் தடுக்கும் பொருளைப் புதிதாகச் செய்வதற்குமுன், கையிலுள்ள மருந்துகளுள் ஏதேனும் உதவுமா என்று டொராண்டோ குழுவினர் தேடினர். மனச்சோர்வுக்கான டிரானில்சிப்ரோமின் இந்நொதியை வலுவாகத் தடுக்கின்றது. ஆயின் அதன் மற்ற விளைவுகள் கடுமையானவை. இன்னொன்று மெத்தாக்சாலென். இதன் வரலாறு என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. வாசகரையும் சற்று நிறுத்துகிறேன்.

நைல் ஆற்றங்கரையில் களைபோல் வளரும் ஒரு செடி உண்டு. கொத்தமல்லிக் குடும்பத்தைச் சார்ந்தது, வெண்பூங்கொத்துகள் உடையது. அரபு மருத்துவ நூல்கள் அதனை அத்திரிலால் என்று குறிக்கின்றன. பறவையின் கால் எனப் பொருள்படும் பெர்பர் மொழிச் சொல் அது. அந்தலூசியாவின் மாலகா நகரிற் பிறந்து, வட ஆப்பிரிக்கா வழியே செடி கொடிகளை ஆராய்ந்துகொண்டே கிழக்கு நோக்கிப் பயணம் செய்து, எகிப்தில் சுல்தான் அல் காமிலின் அவையில் மூலிகை அறிஞர்க்குத் தலைவராக விளங்கி, 1248இல் திமிஷ்கு நகரில் மறைந்த இப்னு அல் பைத்தார் இதனைத் தம் நூலில் விவரித்துள்ளார். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு மருந்துப்பொருள்களையும் உணவுப்பொருள்களையும் அகரவரிசையில் தொகுத்த பெருநூல் அது. பைத்தார் என்பதற்குக் கால்நடை மருத்துவர் என்பது பொருள். தந்தையின் தொழில் மகனுக்குப் பெயராயிற்று. வெண்புள்ளி நோயுற்றவர் இவ்விதையை உட்கொண்டு, புள்ளியுள்ள தோலை வெயிலிற் காட்டி அமர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் பதிவு செய்த மருத்துவம்.

நம் நாட்டு வைத்தியரும் இதற்கிணையான வழியைக் கண்டிருந்தனர். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவர் வழங்கும் கார்போகரிசி விதையிலுள்ளதும் சோராலென் என்னும் அதே இனப்பொருள்தான். ஒருவரையொருவர் அறியாத இரு நிலங்களில், ஒன்றற்கொன்று உறவில்லாத இரு செடிகளில், ஒரே வகை வேதிப்பொருள் ஒரே நோய்க்கு மருந்தாயிற்று.

1940களின் பிற்பகுதியில் எகிப்திய வேதியியலார் ஃபாஹ்மியும் உடனுழைத்தோரும் அத்திரிலால் விதையிலிருந்து செயற்படும் பொருளைத் தூய்மையாகப் பிரித்தனர். கெய்ரோவின் தோல் மருத்துவப் பேராசிரியர் எல் மொஃப்தி அதனை வெண்புள்ளி நோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டார். அப்பொருளே மெத்தாக்சாலென். வெயில் அல்லது புற ஊதாக்கதிரோடு சேர்த்து வெண்புள்ளிக்கும் காளாஞ்சகப்படைக்கும் தோல் மருத்துவர் வழங்கிவருவது.

இம்மருந்து 2ஏ6 நொதியை நன்கு தடுக்கின்றது என்று கண்ட செல்லர்ஸ், டிண்டேல் குழுவினர், 2000ஆம் ஆண்டில் புகைப்பவர்க்கே அதனைக் கொடுத்துப் பார்த்தனர். நிகோடினை மாத்திரையாக விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, மூளையை அடையுமுன்னரே பெரும்பகுதி அழிந்துவிடும். நிகோடின் மருந்துகள் மெல்லும் பசையாகவும் தோலில் ஒட்டும் பட்டையாகவும் விற்கப்படுவதற்கு இதுவே காரணம். மெத்தாக்சாலெனோடு சேர்த்து விழுங்கியபோதோ குருதியில் நிகோடின் உயர்ந்து நின்றது. அவர்கள் புகைத்த அளவும் குறைந்தது. வெண்புள்ளிக்கு மருந்தாகத் தொகுக்கப்பட்ட ஒரு விதையின் சாரம், இப்னு அல் பைத்தார் காலத்தில் அவர் உலகில் எவரும் கண்டிராத புகையிலைக்கு மாற்றாக வந்து நின்றது. புகையிலை அட்லாண்டிக் கடலைக் கடந்தது அவர் மறைந்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே.

ஆயினும் மெத்தாக்சாலென் புகைநிறுத்த மருந்தாகிவிடவில்லை. வெயிலிற் செல்பவர் தோலை அது கன்றச் செய்யும். நெடுங்காலம் கதிரோடு சேர்த்துப் பயன்படுத்தினால் தோற்புற்றின் அச்சமும் உண்டு. மேலும், 2ஏ6 ஒன்றையே தேர்ந்து தடுப்பதன்று அது. பிற நொதிகளையும் தொடுகின்றது. தடுக்கும் முறையும் வேறு. நொதியினுள் நுழைந்து, நொதியாலேயே மாற்றமுற்று, அதனோடு பிணைந்து, அதனைச் செயலற்றதாக்கிவிடுகின்றது. பூட்டினுள் முறிந்து நிற்கும் சாவி என்று கொள்க. கல்லீரல் புதுப்பூட்டுச் செய்தாலொழிய வழி திறவாது.

சாவி செய்யும் முறை

நொதியும் அது மாற்றும் பொருளும் பூட்டும் சாவியும் போன்றவை என்று 1894இல் கூறியவர் எமில் ஃபிஷர். பொருந்திய பின் திறவாமலும், தேவையானபோது கழன்று வரக்கூடியதாகவும், அடுத்த வீட்டுப் பூட்டில் நுழையாததாகவும் ஒரு சாவி வேண்டும். நொதித்தடுப்பியை வடிவமைத்தல் என்பது இதுதான். அதற்கு முதலிற் பூட்டின் உட்புறத்தைக் காணவேண்டும்.

கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் யானோ, ஜான்சன் ஆகியோர் 2005இல் அதனைக் கண்டனர். நொதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் பாங்கிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தனர். கூமரினும் மெத்தாக்சாலெனும் உள்ளே அமர்ந்திருக்கும் கோலத்தையும் படம்பிடித்தனர். 2ஏ6இன் உள்ளறை மிகச் சிறியது; நீரை விரும்பாத சுவர்களையுடையது. அடித்தளத்தில் ஹீம் எனப்படும் வளையத்தின் நடுவே இரும்பணு ஒன்று உள்ளது. நம் குருதிக்குச் செந்நிறம் தரும் அதே ஹீம். சுவரின் ஓரிடத்தில், இருநூற்றுத் தொண்ணூற்றேழாம் அமினோ அமிலமாகிய ஆஸ்பராஜின், உள்ளே வரும் பொருளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றக் கைநீட்டி நிற்கின்றது. அறை சிறியதாக இருத்தல் வடிவமைப்போர்க்கு நற்பேறு. பெரிய அறையில் எதுவும் நுழையும். சிறிய அறைக்கு அளவெடுத்துத் தைக்கலாம்.

நிகோடின் இரு வளையங்களால் ஆயது. ஒன்று ஆறு அணுக்களையுடைய தட்டையான பிரிடின் வளையம். மற்றொன்று ஐந்தணு வளையம். நொதி தாக்குவது ஐந்தணு வளையத்தை. சான் டியேகோவில் டென்டன், கேஷ்மன் ஆகியோர், பிரிடினை அவ்வாறே விடுத்து, தாக்கப்படும் வளையத்தை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் ஃபியூரான், தயோஃபீன், இமிடசோல் முதலிய வேறு வளையங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தனர். 2006இல் யானோ குழுவினருடன் இணைந்து அவற்றுள் மூன்றை நொதியோடு சேர்த்தே படிகமாக்கினர். எதிர்பார்த்த பொருத்தம் தெரிந்தது. பிரிடினின் நைட்ரஜனை ஆஸ்பராஜின் பற்றிக்கொள்கின்றது. மறுமுனையில் தொங்கும் அமீன் கிளை ஹீமின் இரும்பைத் தொட்டு நிற்கின்றது. இரும்பே வேதிவினை நிகழும் இடம். அவ்விடம் அடைபட்டால் நிகோடின் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். இவ்வரிசையிற் பெரும்பாலானவை முறிந்த சாவிகள் அல்ல, கழன்று வரக்கூடியவை.

அடுத்த வீட்டுப் பூட்டு என்றேனே, அதுவே இத்துறையின் கடினமான பகுதி. ஐம்பத்தெழுவருள் மற்றொருவரைத் தெரியாமல் தடுத்துவிட்டால், நோயாளி உட்கொள்ளும் வேறு மருந்து வெளியேறாமல் தேங்கி நஞ்சாகும். புகைப்பவருட் பலர் இதயநோய்க்கும் மனநோய்க்கும் மருந்துண்போர் என்பதை நினைக்கும்போது இது வெறும் ஐயமன்று. 2ஏ6க்கு 2ஏ13 என்னும் உடன்பிறப்பு ஒன்றுண்டு. அமினோ அமில வரிசையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் ஒற்றுமை. நுரையீரலில் இருந்துகொண்டு, புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்களைப் புற்று விளைக்கும் நிலைக்குத் தூண்டுவது அது. இவ்வொன்றைத் தடுப்பி சேர்த்துத் தடுத்தால் தீங்கின்றி நன்மையே விளையலாம்.

டென்டன் பின்னர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லசாரஸ் என்பாருடன் இப்பணியைத் தொடர்ந்தார். அவ்வரிசையில் வந்த டி.எல்.சி.ஐ-1 என்னும் பொருளை, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சார்ந்த கிறிஸ்டி ஃபவுலர் குழுவினர் அவர்களோடு சேர்ந்து சுண்டெலிகளிற் சோதித்து 2020இல் வெளியிட்டனர். நெம்புகோலை அழுத்தினால் குருதியில் நிகோடின் ஏறும் என்று கற்ற எலிகள், இப்பொருளைப் பெற்றபின் நிகோடினுக்காக அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. எலி மனிதனன்று. எலியின் நொதியும் நம் நொதியின் உறவே தவிர அதுவேயன்று. இக்கட்டுரை எழுதப்படும் நாள்வரை, 2ஏ6 தடுப்பி எதுவும் புகைநிறுத்த மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

சில ஐயங்கள்

இம்முயற்சியைப் படிக்குந்தோறும் எனக்குத் தோன்றும் முரண் ஒன்றுண்டு. நஞ்சை விரைந்து வெளியேற்றுதல் கல்லீரலின் அறம். அதன் திறமையே அடுத்த பீடியை எடுக்கத் தூண்டுகின்றது. அதனை மந்தமாக்கி, நஞ்சை உடலில் கூடுதல் நேரம் தங்கவைத்து, அதனால் நஞ்சு குறையும் என்று எதிர்பார்க்கிறோம். நிகோடின் தாரைப்போற் கொடியதன்று எனினும் நல்லதும் அன்று. நாடித்துடிப்பையும் குருதியழுத்தத்தையும் உயர்த்துவது. தடுப்பியை உண்டுகொண்டே ஒருவர் முன்போல் புகைத்தால் மொத்தச் சுமை கூடும். எனவே இது தனித்து நிற்கும் மருந்தாக வரும் என்று நான் கருதவில்லை. விட முனைந்தவர்க்கு ஊன்றுகோலாகலாம்.

பத்துச் சிகரெட்டு ஐந்தாதல் வெற்றியா என்பதும் வினாவே. நுரையீரற்புற்றைப் பொறுத்தவரை குறைத்தல் ஓரளவு பயன் தரும். இதயத்திற்கோ நாளொன்றுக்கு ஓரிரு சிகரெட்டே பெருந்தீங்கு. குறைத்தல் விடுதலுக்குப் படியாகுமா, விடாமலிருக்கச் சாக்காகுமா என்பது ஆளைப் பொறுத்தது.

நொதியறிவு வேறொரு வழியில் ஏற்கனவே பயன்படத் தொடங்கிவிட்டது. லெர்மன், டிண்டேல் முதலியோர் 1,246 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், கல்லீரல் வேகத்தை முன்னரே அளந்து மருந்தைப் பிரித்துக் கொடுத்தனர். இயல்பான விரைவுடையோர்க்கு நிகோடின் பட்டையைக் காட்டிலும் வரெனிக்லின் மாத்திரை மேலான பயன் தந்தது. மெதுவானவர்க்கு இரண்டும் ஒக்கும். மாத்திரையால் வந்த பக்கவிளைவுகளோ மிகுதி. ஆகவே அவர்க்குப் பட்டையே போதும். எல்லார்க்கும் ஒரே அறிவுரை, ஒரே மருந்து என்னும் வழக்கம் இங்கே உடைகின்றது. கருவுற்ற பெண்களிடத்து நிகோடின் வெளியேற்றம் பெரிதும் விரைவுபடும் என்பதும் இதனோடு எண்ணத்தக்கது. அக்காலத்தில் விடமுடியாத பெண்ணை மனமற்றவள் என்று ஏசுவோர் அவள் உடலின் கணக்கை அறியாதவர்.

நம் நாட்டிற்கு வருவோம். 2016-17இல் எடுக்கப்பட்ட உலகப் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கின்படி, இந்தியப் பெரியவர்களுள் புகைப்போர் 10.7 விழுக்காட்டினர், மென்றும் அடக்கியும் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காட்டினர். புகைப்போருள்ளும் சிகரெட்டினும் பீடியே மிகுதி. பீடி, விடாமல் இழுக்காவிடின் அணைந்துவிடும். ஆதலின் பிடிப்பவர் அடிக்கடி இழுக்கின்றார். வெளிநாட்டில் சிகரெட்டுக்கென்று கணிக்கப்பட்ட அளவுகளை அப்படியே இங்குக் கொண்டுவந்து பொருத்தல் ஆகாது. பீடி பிடிக்கும் கூலித்தொழிலாளர்க்கு விலையுயர்ந்த புது மருந்து எட்டுமா என்பதையும் ஆய்வுக்கூடத்தார் தீர்க்க இயலாது.

பெரியத்தாவின் வினாவுக்கு வருகிறேன். பகலெல்லாம் நின்றது அவருடைய உறுதிதான். அதில் எனக்கு ஐயமில்லை. மாலையில் கை பையைத் தேடியது, பதினான்கு மணி நேரம் ஓயாது உழைத்த கல்லீரல் குடத்தைக் காலியாக்கி வைத்திருந்ததால். அவருடைய நொதி பாதி வேகத்தில் இயங்கி, அரை ஆயுள் நான்கு மணி நேரமாக இருந்திருப்பின், நோன்பு திறக்கும் வேளையில் நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்குக்கு மாறாக ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். அப்பங்கு அவர்க்குக் கஞ்சி குடித்து, தொழுது, தராவீஹ் முடியும் வரையேனும் போதியிருக்குமா என்பதை இனி அவரிடம் கேட்க இயலாது.